மோட்டார்ஹோமில் பழைய டிவி: ஸ்ப்ளிட்டரைத் திருப்பிப் போடாதீர்கள்

போன மாதம் ஒரு இளைஞர் தன் மோட்டார்ஹோமில் (வீடு மாதிரி தங்கும் வசதியுள்ள வண்டி) டிவி தெரியவில்லை என்று கூப்பிட்டார். நல்ல நிலையில் இருந்த பழைய பிக்சர் ட்யூப் டிவி. அதன் பின்னால் எட்டிப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கூரை ஆன்டெனா வயரையும் டிஷ் வயரையும் ஒரே ஸ்ப்ளிட்டரில் (ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் பொருள்) திருகி வைத்திருந்தார். பல வருடங்களுக்கு முன்பு நான் செய்த அதே வேலை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கீழே உள்ள தலைப்புகள் எல்லாம் செய்யக் கூடாத தவறுகள். வயரை இறுக்கமாகத் திருகுங்கள், பிளக்கைப் பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஆன்டெனாவை நேராக டிவியில் செருகுவது

பழைய டிவியின் ட்யூனருக்கு அனலாக் மட்டும்தான் புரியும். அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூனிலும், பிரிட்டன் 2012 அக்டோபரிலும் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. வேறு பல நாடுகளிலும் இதே நிலைதான். ஆன்டெனா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் திரையில் புள்ளி புள்ளியாகத்தான் வரும். நடுவில், டிஜிட்டல் சிக்னலை அனலாக்காக மாற்றும் ஒரு டிஜிட்டல் கன்வெர்ட்டர் பாக்ஸ் வேண்டும். டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏ.வி. பின்கள் இருந்தால் பாக்ஸை அதில் மாட்டுங்கள். ஆன்டெனா சாக்கெட் வழியாக விடுவதைவிடப் படம் சுத்தமாக இருக்கும்.

ஸ்ப்ளிட்டரைத் திருப்பிப் போட்டு இரண்டு சிக்னலைச் சேர்ப்பது

ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் பொருளைத் திருப்பிப் போட்டால் இரண்டும் ஒன்றாகச் சேரும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கூரையில் இன்னொரு ஓட்டை போட மனமில்லை, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிவிடும் என்று பயம். மேலே ஒரு ஸ்ப்ளிட்டர், கீழே ஒரு ஸ்ப்ளிட்டர், நடுவில் ஒரே வயர் என்று முடித்துவிட்டேன்.

நான் யோசிக்காத விஷயம், அந்த வயரில் சிக்னல் மட்டும் போவதில்லை, மின்சாரமும் போகிறது என்பது. டிஷ் ரிசீவர், மேலே டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் கருவியான எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. எந்த அலையைப் பிடிக்க வேண்டும் என்று எல்.என்.பி.க்குச் சொல்வதே அந்த வோல்ட்தான். கூரை ஆன்டெனாவில் பூஸ்டர் (சிக்னலைக் கூட்டும் கருவி) இருந்தால், அதற்கு வண்டிக்குள் சுவரில் உள்ள சுவிட்ச் பெட்டியான சுவர்ப்பெட்டியிலிருந்து 12 வோல்ட் அதன் வயரிலேயே ஏறுகிறது. எல்லா முனையிலும் மின்சாரத்தை விடும் ஸ்ப்ளிட்டரைப் போட்டால், இந்த வோல்ட்டெல்லாம் போகக் கூடாத இடத்துக்கும் போகும்.

முதல் நாள் டிஷ் மட்டும் மாட்டியிருந்தேன், ஓடியது. மறுநாள் கன்வெர்ட்டர் பாக்ஸையும் மாட்டினேன். சில நிமிடங்களில் எல்.என்.பி. ஷார்ட் என்று திரையில் எழுத்து வந்தது. ரிசீவரை அணைத்துப் போட்டேன், மறுபடியும் அதே எழுத்து. நான்கைந்து தடவை இப்படியே. அப்புறம் எல்.என்.பி.க்கு மின்சாரமே போகவில்லை. சில பாக்ஸ்களின் ஆன்டெனா சாக்கெட்டுக்குள் ஒரு சின்னச் சுருள் நேராகத் தரையோடு சேர்ந்திருக்கும். சிக்னலுக்கு அதனால் ஒன்றுமில்லை. 18 வோல்ட்டுக்கு அது சுத்தமான ஷார்ட். பழுது பார்த்தவர் ரிசீவரின் சர்க்யூட் பலகையையே மாற்ற வேண்டும் என்றார், அந்தச் செலவுக்குப் புது ரிசீவரே வாங்கலாம். திரையில் எச்சரிக்கை வந்தும் நான் நிறுத்தவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. "திருப்பிப் போட்டா சேந்துடும் சார்" என்று இன்னமும் சொல்லி விற்கிறார்களே, அது அதைவிட எரிச்சல்.

எதுவும் எரியாமல் தப்பித்தாலும் டிஷ் சேனல்கள் விட்டு விட்டுத்தான் வரும். டிஷ்ஷிலிருந்து இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. சாதாரண ஆன்டெனா ஸ்ப்ளிட்டர் பெரும்பாலும் 1000-க்குள் நின்றுவிடும். போதாததற்கு ஒவ்வொரு ஸ்ப்ளிட்டரும் சுமார் 3.5 டெசிபெல் தின்றுவிடும், அதாவது சிக்னலில் பாதிக்கு மேல்.

ஒரே வயரில்தான் கொண்டு வர வேண்டுமென்றால் டிஷ், ஆன்டெனா சிக்னல்களைச் சேர்த்து மறுபடி பிரிப்பதற்கென்றே டைப்ளெக்சர் இருக்கிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று. வழக்கமாக அது டிஷ் முனையில் மட்டும்தான் மின்சாரத்தை விடும். அதனாலேயே பூஸ்டர் உள்ள ஆன்டெனாவுக்கு அது ஒத்துவராது, பூஸ்டருக்கு வோல்ட் போய்ச் சேராது. பெரும்பாலான மோட்டார்ஹோம் ஆன்டெனாக்களில் பூஸ்டர் இருக்கும். ஆகவே இரண்டாவது வயரை இழுத்துவிடுங்கள். ஓட்டையைச் சுற்றி சீலன்ட் நன்றாக அடித்தால் தண்ணீர் இறங்காது. இரண்டையும் சேர்ப்பதை பாக்ஸ்களுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாக்ஸின் ஏ.வி. வயரையும் பட்டன் உள்ள ஏ.வி. செலக்டரில் மாட்டி, அங்கிருந்து டிவிக்கு ஒரே வயர். அந்த இடத்தில் 12-ம் இல்லை, 18-ம் இல்லை.

அந்த இளைஞரின் ரிசீவரில் ஷார்ட் எழுத்து இரண்டு தடவைதான் வந்திருந்தது. அன்று மாலையே வேறு வயர் இழுத்தோம். ரிசீவர் பிழைத்தது.

இரண்டு பாக்ஸும் 3-ஆம் சேனலில்

ஆன்டெனா சாக்கெட் வழியாக இரண்டு பாக்ஸும் ஒரே சேனலில் படம் அனுப்பினால் ஒன்றோடொன்று மோதும். ஏதாவது ஒன்றை மட்டும் டிவிக்கு விடும் ஏ-பி ஸ்விட்ச் போடுங்கள்.

முகாம் கேபிளை மாட்டிவிட்டு பூஸ்டரை அணைக்காமல் விடுவது

பல சுவர்ப்பெட்டிகளில் பூஸ்டரைப் போட்டிருந்தால் டிவிக்கு ஆன்டெனா வரும், அணைத்திருந்தால் முகாமில் தரும் வெளிக் கேபிள் வரும். அணையுங்கள்.

டிவிடியை வி.சி.ஆர். (வீடியோ கேசட் கருவி) வழியாக விடுவது

படம் மங்கி, பிரகாசமாகி, மறுபடி மங்கும். டிவி கெட்டுவிட்டது என்று கழற்றிவிடாதீர்கள், அது நகல் எடுப்பதைத் தடுக்க டிஸ்க்கில் வைத்திருக்கும் பூட்டு. டிவிடியை நேராக செலக்டரில் மாட்டினால் சரியாகிவிடும்.

எச்.டி.எம்.ஐ. ஒரு முனை, மஞ்சள் பின் மறு முனை உள்ள வெறும் வயர்

வாங்காதீர்கள். டிஜிட்டலை அனலாக்காக மாற்ற உள்ளே சர்க்யூட் வேண்டும், அதற்குத் தனியாக மின்சாரமும் வேண்டும். கன்வெர்ட்டர் என்று குட்டிப் பெட்டியாக வருவதுதான் வேலை செய்யும்.

புது இடத்தில் ஸ்கேன் செய்யாமல் உட்காருவது

நேற்றைய ஊரின் சேனல் பட்டியல் இன்றைக்கு உதவாது. முதலில் ஆன்டெனாவைத் தூக்குங்கள், பூஸ்டரைப் போடுங்கள், அப்புறம் கன்வெர்ட்டர் பாக்ஸில் ஸ்கேன் கொடுங்கள். பூஸ்டர் போடாமல் ஸ்கேன் செய்துவிட்டு, இந்த ஊரில் சேனலே இல்லை என்று மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.