குண்டு தவறவில்லை, கணக்குதான் தவறியது: வழிகாட்டு ஆயுதங்களைப் பற்றிப் படிக்கும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2001 டிசம்பர் 5 அன்று ஆப்கானிஸ்தானில் காந்தஹாருக்கு வடக்கே ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம் 2,000 பவுண்டு ஜேடாம் குண்டு ஒன்றைப் போட்டது. சாதாரணக் குண்டில் ஜிபிஎஸ் வழிகாட்டியும் திருப்பும் துடுப்புகளும் பொருத்தினால் அது ஜேடாம். அது விழுந்த இடத்தில் இருந்தவர்கள் அமெரிக்கச் சிறப்புப் படையினரும் அவர்களோடு நின்ற ஆப்கானியர்களும். மூன்று அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள், ஆப்கானியர்களிலும் பலர் இறந்தார்கள், பின்னாளில் ஆப்கானிஸ்தான் அதிபரான ஹமீத் கர்சாய் லேசான காயத்தோடு தப்பினார். பிறகு வெளிவந்த விளக்கம் இது: தரையில் இருந்தவர் கையிலிருந்த ஜிபிஎஸ் கருவியின் பேட்டரியை மாற்றினார். கருவி மறுபடி உயிர்பெற்றபோது, முன்பு கணக்கிட்டிருந்த எதிரியின் இடத்தைக் காட்டாமல், தான் இருக்கும் இடத்தைக் காட்டியது. அந்த எண்களே விமானத்துக்குப் போயின.

குண்டு தனக்குச் சொல்லப்பட்ட இடத்தில் சரியாகத்தான் விழுந்தது. இப்படிப்பட்ட சம்பவங்களை 'குறி தவறிய குண்டு' என்று எழுதுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் முதல் தவறு. 1999 மே 7 அன்று பெல்கிரேடில் சீனத் தூதரகத்தின் மீது பி-2 விமானம் போட்ட ஐந்து ஜேடாம்களும் தவறி விழுந்தவை அல்ல. யூகோஸ்லாவிய அரசின் ஆயுதக் கொள்முதல் அலுவலகம் என்று நினைத்துத் தவறான கட்டடத்தைக் குறித்துவிட்டோம் என்பது அமெரிக்கா தந்த விளக்கம். சீனா அதை ஏற்கவில்லை. எந்த விளக்கத்தை நம்பினாலும், குண்டின் வழிகாட்டுக் கருவி தன் வேலையைச் செய்தது என்பதில் சர்ச்சை இல்லை. செய்தியில் 'துல்லியம்' என்ற சொல் வந்தால் உடனே கேட்க வேண்டியது, அது குண்டின் துல்லியமா, குறித்துக் கொடுத்தவரின் துல்லியமா என்பதைத்தான்.

ஐந்து மீட்டர் என்றால் என்ன

ஜேடாம் பற்றிய எந்தக் கட்டுரையிலும் 'ஐந்து மீட்டர் துல்லியம்' என்று இருக்கும். பலர் இதை 'ஐந்து மீட்டருக்குள் விழும்' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அது தவறு. அந்த எண் சிஇபி எனப்படும் வட்டப் பிழை அளவு. போட்ட குண்டுகளில் பாதி எந்த ஆரத்துக்குள் விழுகின்றனவோ அந்த ஆரம்தான் அது. மீதிப் பாதி வெளியேதான் விழும்.

எவ்வளவு வெளியே? சிதறல் எல்லாத் திசையிலும் ஒரே அளவில், புள்ளியியல் சொல்லும் இயல்புப் பரவலாக இருக்கிறது என்று கொண்டால், சிஇபியைப் போல இரண்டு மடங்கு ஆரத்துக்குள் ஏறத்தாழ 94 சதவீதமும், மூன்று மடங்குக்குள் 99.8 சதவீதமும் விழும். சிஇபி ஐந்து மீட்டர் என்றால் நூற்றில் ஆறு குண்டுகள் பத்து மீட்டருக்கு அப்பால் போகும். இது காகிதக் கணக்கு. துடுப்பு திறக்காதது, செயற்கைக்கோள் சமிக்ஞையே கிடைக்காதது, மின்கலம் செத்தது போன்ற கோளாறுகளைப் பெரும்பாலும் 'நம்பகத்தன்மை' என்ற வேறொரு கணக்கில் சேர்த்துவிடுவார்கள். கோளாறான குண்டு பல நூறு மீட்டர் விலகலாம். சில சமயம் கிலோமீட்டர் கணக்கில் விலகும். ஆகவே சிஇபியை மட்டும் பார்த்து 'பக்கத்துக் கட்டடத்துக்கு ஆபத்தில்லை' என்று முடிவு கட்டுவது சரியல்ல.

இன்னொன்று, அந்த ஐந்து மீட்டர் குண்டுக்கு மட்டும் உரியது. இலக்கின் இடத்தைக் குறித்ததிலும் பிழை உண்டு. இரண்டு பிழைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது வழக்கம். குண்டுக்கு 5 மீட்டர், குறித்ததில் 20 மீட்டர் என்றால் மொத்தம் சுமார் 20.6 மீட்டர். குண்டை எவ்வளவு செலவு செய்து 2 மீட்டருக்குக் கொண்டுவந்தாலும் மொத்தம் 20.1 மீட்டர்தான். பெரிய பிழை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் சிறிய பிழையைக் குறைப்பதில் பயனில்லை. விளம்பரத் தாள்கள் சிறிய பிழையைத்தான் பெரிய எழுத்தில் போடும்.

எண்களில் ஒளிந்திருக்கும் பிழைகள்

ஆயத்தொலைவுகளில் வரும் குழப்பம் வெளியாருக்கு அற்பமாகத் தெரியும். ஒரு பாகையில் (டிகிரி) 60 கலை (நிமிடம்), ஒரு கலையில் 60 விகலை (விநாடி). 34 பாகை 12.45 கலை என்பதை ஒருவர் 34 பாகை 12 கலை 45 விகலை என்று வாசித்தால் என்ன ஆகும்? 0.45 கலை என்பது 27 விகலை. வித்தியாசம் 18 விகலை. வடக்கு தெற்குத் திசையில் ஒரு விகலை சுமார் 31 மீட்டர் என்பதால் பிழை 550 மீட்டரைத் தாண்டும். ஒரு புள்ளியை வாசித்த விதத்தில் வந்த பிழை இது. எந்தச் சென்சாரும் இதைப் பிடிக்காது.

அடுத்து, அடிப்படைத் தளம், அதாவது ஆயத்தொலைவுகளை எந்தப் பூமி மாதிரியிலிருந்து அளக்கிறோம் என்பது. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ்-84. பழைய வரைபடங்கள் அந்தந்த நாட்டுக்குரிய வேறு தளங்களில் வரையப்பட்டவை. ஒரே எண்ணை இரண்டு தளங்களிலும் வைத்தால் நிலத்தில் சில நூறு மீட்டர் வரை தள்ளிப்போகலாம்.

மூன்றாவது உயரம். இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். ஜிபிஎஸ் தரும் உயரம் கணிதமுறைப்படி வரையப்பட்ட நீள்கோளத்திலிருந்து அளந்தது. வரைபடத்தில் இருப்பது கடல்மட்டத்திலிருந்து அளந்தது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் உலகெங்கும் ஒரே அளவு அல்ல. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது சுமார் 106 மீட்டர் வரை போகிறது, உலகிலேயே அதிகபட்சம் அங்கேதான். உயரத்தில் 100 மீட்டர் பிழை இருக்கும்போது குண்டு 45 பாகைச் சாய்வில் வந்தால் தரையில் 100 மீட்டர் தள்ளி விழும். 70 பாகையில் இன்னும் செங்குத்தாக வந்தால் 36 மீட்டர்தான் தள்ளும். அகலாங்கும் நெட்டாங்கும் மிகச் சரியாக இருந்தும் குண்டு தள்ளி விழுவதற்கு இது ஒரு காரணம்.

'தூரம் 70 கிலோமீட்டர்'

இயந்திரம் இல்லாத குண்டுக்குச் சொந்தமாகத் தூரம் கிடையாது. போடும் விமானம் தரும் உயரமும் வேகமும்தான் அதன் எரிபொருள். விளம்பரத் தாளில் உள்ள எண் பெரும்பாலும் மிக உயரத்தில், ஒலிவேகத்தை ஒட்டிப் பறக்கும் போர் விமானத்துக்குரியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு 265 மீட்டர் வேகத்தில் செல்லும் போர் விமானத்தில் உள்ள குண்டின் இயக்க ஆற்றலை உயரமாக மாற்றினால் இன்னும் 3.6 கிலோமீட்டர் கூடும். மொத்தம் 15.6. அதே குண்டை 6 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு 75 மீட்டரில் ஊர்ந்து செல்லும் ட்ரோனிலிருந்து போட்டால் வேகம் தருவது 0.3 கிலோமீட்டர்கூட இல்லை. மொத்தம் 6.3. அதாவது கையில் இருக்கும் ஆற்றல் பாதிக்கும் குறைவு. காற்றின் இழுவையையும், கடைசியில் வேகமாகப் பாய்வதற்கு மிச்சம் வைக்க வேண்டியதையும் சேர்த்தால் தூரமும் அதற்கேற்பச் சுருங்கும். 'போர் விமானம் 70 கிலோமீட்டரிலிருந்து போடும் குண்டை இனி ட்ரோனும் போடும்' என்ற தலைப்பைப் பார்த்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா ட்ரோனும் எல்லாக் குண்டையும் தூக்கும் என்பதும் இதன் அண்ணன் தம்பிதான். அமெரிக்க ட்ரோனான எம்க்யூ-9 ரீப்பர் 1,700 கிலோ சுமக்கும். 500 பவுண்டு குண்டுகள் அதற்குச் சாதாரணம். துருக்கி ட்ரோனான பைரக்தார் டிபி2 சுமப்பது 150 கிலோ. அதனால்தான் அது 22 கிலோ எடையுள்ள எம்ஏஎம்-எல் போன்ற சிறிய குண்டுகளைச் சுமக்கிறது. இரண்டையும் 'ஆயுதம் தாங்கிய ட்ரோன்' என்று ஒரே பெட்டியில் போடலாம், ஆனால் அந்தப் பெட்டி எதையும் விளக்காது. போய்த் தானே மோதி வெடிக்கும் வகையைச் சேர்ந்த ஹாரோப், ஷாஹெத்-136 ஆகியவற்றை ரீப்பரோடு ஒப்பிடுவது இன்னும் மோசம். தாக்கப் பாய்ந்தபின் அவை திரும்பி வருவதில்லை.

ஜாமிங் என்றால் எல்லாம் போச்சு

போகவில்லை. ஜாமிங் என்பது வழிகாட்டும் சமிக்ஞையை இரைச்சலால் மூழ்கடிப்பது. தரைக்கு வந்து சேரும் ஜிபிஎஸ் சமிக்ஞை மிகவும் பலவீனமானது. ஒரு வாட்டில் கோடியில் ஒரு பங்கை எடுத்து, அதையும் நூறு கோடியாகப் பிரித்தால் கிடைப்பது ஏறத்தாழ அவ்வளவுதான். அதை மூழ்கடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஆனால் ஜேடாம் போன்றவற்றில் ஐஎன்எஸ் எனப்படும் உள்வழிகாட்டியும் இருக்கிறது. செயற்கைக்கோள் கிடைக்காவிட்டாலும், 100 விநாடி வரையிலான பறப்புக்குச் சிஇபி 30 மீட்டர் என்று அமெரிக்க விமானப்படை சொல்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: குண்டு பிரியும் நொடியில் விமானம் தன் இடத்தையும் வேகத்தையும் ஜிபிஎஸ் தரத்தில் குண்டுக்குக் கொடுத்திருக்க வேண்டும். விமானமே ஜாமிங்குக்குள் பறந்துகொண்டிருந்தால் தொடக்கமே கோணல். 30 மீட்டரை மேற்கோள் காட்டும் கட்டுரைகளில் இந்த நிபந்தனையை அரிதாகத்தான் பார்க்க முடியும்.

ஜாமிங்கும் ஸ்பூஃபிங்கும் ஒன்றல்ல. முதலாவது காதை அடைக்கிறது, இரண்டாவது போலிச் சமிக்ஞை அனுப்பிக் காதில் பொய் சொல்கிறது. ராணுவக் குறியாக்கச் சமிக்ஞை இரண்டாவதற்கு நன்றாகத் தாங்கும், முதலாவதற்கு அவ்வளவாகத் தாங்காது. திசை பார்த்து இரைச்சலை வெட்டும் பல உறுப்பு ஆன்டெனாக்கள் முதலாவதற்காகவே வந்தவை. உக்ரைன் போரில் மேற்கத்திய ஜிபிஎஸ் ஆயுதங்களின் துல்லியம் குறைந்த செய்திகளைப் படிக்கும்போது எது நடந்தது என்று பிரித்துப் பாருங்கள். லேசர் குண்டையோ, தரைக்காட்சியைத் தன்னிடமுள்ள படத்தோடு ஒப்பிட்டு இறுதியில் இறங்கும் குண்டையோ ஜிபிஎஸ் ஜாமிங் நேரடியாகக் கெடுக்காது.

லேசருக்கு வேறு நோய்கள். இலக்கின் மீது பாய்ச்சிய லேசர் ஒளி பட்டுத் திரும்புவதைப் பார்த்துத்தான் லேசர் குண்டு போகும். பொதுவாக 1.064 மைக்ரோமீட்டர் அலைநீளம். கண்ணுக்குத் தெரியாது, மேகத்தையும் அடர்ந்த புகையையும் தாண்டாது. திரைப்படத்தில் வரும் சிவப்புப் புள்ளி வெறும் கற்பனை. ஒளியைப் பாய்ச்சுபவர் அதே விமானத்தில் இருக்க வேண்டியதில்லை. வேறு விமானமோ தரையில் ஒருவரோ பாய்ச்சலாம். இரு பக்கமும் ஒரே துடிப்புக் குறியீட்டில் இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் குண்டு இலக்கைப் பார்க்கவே பார்க்காது. ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான் ஸ்டார்ம்பிரேக்கர் என்ற அமெரிக்கக் குண்டில் மில்லிமீட்டர் அலை ரேடார், வெப்பப் படம், லேசர் மூன்றையும் சேர்த்து வைத்தார்கள்.

துல்லியமும் சேதமும்

துல்லியமான குண்டு சிறிய குண்டு அல்ல. 2,000 பவுண்டு ஜேடாமின் உடலாக இருக்கும் மார்க்-84 குண்டில் சுமார் 429 கிலோ வெடிபொருள் இருக்கிறது. சரியாகக் குறியில் விழுந்தாலும் அந்த 429 கிலோ வெடிக்கத்தான் செய்யும். மறுபுறம், வெடிபொருளைக் குறைத்தால் பாதிப்பு வட்டமும் அதே விகிதத்தில் சுருங்கும் என்று நினைப்பதும் தவறு. ஜிபியூ-39 என்ற சிறிய குண்டில் உள்ளது சுமார் 16 கிலோ, ஏறத்தாழ 27இல் ஒரு பங்கு. ஆனால் வெடியலையின் ஆரம் எடையின் கனமூலத்தைப் பின்பற்றுவதால், வெடிபொருள் வகை வித்தியாசத்தை ஒதுக்கிவைத்தால், ஆரம் மூன்றில் ஒரு பங்காகத்தான் குறைகிறது.

குறியில் பட்டாலே அழிந்துவிடும் என்ற நம்பிக்கையை வியட்நாமின் தன் ஹோவா பாலம் எப்போதோ உடைத்துவிட்டது. 1965 ஏப்ரலில் வானொலியால் வழிநடத்தப்பட்ட புல்பப் ஏவுகணைகள் பாலத்தில் பட்டன. அவற்றின் 250 பவுண்டு வெடிமுனை இரும்பைக் கருக்கியதோடு சரி. பாலம் விழுந்தது 1972 மே 13 அன்று. அன்று பாலத்தை வீழ்த்தியவை லேசர் வழிகாட்டுக் குண்டுகள்தான், ஆனால் 2,000, 3,000 பவுண்டு எடையுள்ளவை. லேசரின் வெற்றிக்கதையாக இதைச் சொல்பவர்கள் எடையை விட்டுவிடுகிறார்கள்.

பறக்கும் நேரம்

6 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளுக்குக் காற்றுத்தடை இல்லாவிட்டாலும் 35 விநாடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் வண்டி அதற்குள் 580 மீட்டர் போய்விடும். ஆயத்தொலைவை மட்டும் நம்பும் குண்டு, ஓடும் வண்டிக்கு ஆகாது என்பதற்கு இந்த ஒரு கணக்குப் போதும். நிற்கும் இலக்கானாலும் அந்த 35 விநாடியில் அங்கே வேறு யாராவது வந்து சேரலாம்.

1999 ஏப்ரல் 12 அன்று செர்பியாவின் கிர்டெலிகா பாலத்தில் நடந்தது அதுதான். எஃப்-15இ விமானத்திலிருந்து ஏவிய ஏஜிஎம்-130, பின்னிருக்கை அதிகாரி திரையைப் பார்த்துத் திருப்பக்கூடிய ஆயுதம். குறி பாலம். ஆயுதம் பறந்துகொண்டிருக்கும்போது பயணிகள் ரயில் பாலத்தில் ஏறியது. இரண்டாவதாக ஏவியதும் ரயிலையே தாக்கியது. ஒதுங்க நேரமே இல்லை என்று காட்ட நேட்டோ அந்தக் காணொளியை வெளியிட்டது. அது உண்மை வேகத்தைவிட வேகமாக ஓட்டப்பட்டது என்பது 2000 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. தாக்குதல் காணொளி எதைப் பார்த்தாலும் முதலில் அதன் ஓரத்தில் ஓடும் நேர எண்களைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண்கள் அழிக்கப்பட்டிருந்தால் அந்தப் படத்திலிருந்து வேகம் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.