இன்டர்ன்ஷிப்புக்கு மாணவர்களை அனுப்பும்போது நாம் செய்யும் தவறுகள்

எம்.பி.ஏ. மாணவர்களைத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு அனுப்பும் ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. பாடத்தையும் தொழிலையும் இணைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் வருடாவருடம் செய்த பெரிய தவறு, ஒரு கேள்வியும் கொடுக்காமல் பிள்ளைகளை அனுப்பியதுதான்.

கேள்வி இல்லாமல் போகிறவருக்கு அங்கே எல்லாமே வேடிக்கை. நிட்டிங், டையிங், கட்டிங், செக்கிங் என்று சுற்றிக் காட்டுவார்கள். அது அப்படியே ரிப்போர்ட்டாக வந்து சேரும்.

ஒர்க்கிங் கேப்பிட்டல், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவைப்படும் பணம் பற்றிய பாடம் நடத்தும்போது, கணக்கிலேயே 'கடன் தவணை 45 நாள்' (வாங்கியவர் பில்லுக்குப் பணம் தர எடுக்கும் காலம்) என்று கொடுத்துவிடுகிறோம். அது உண்மையா என்று பார்க்கச் சொல்லி ஒரு மாணவியை, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றுக்கு அனுப்பினேன். லெட்ஜரைப் புரட்டினால், பில் தேதிக்கும் பணம் வந்த தேதிக்கும் நடுவில் மூன்று மாதம். தையல்காரர்களுக்கோ சனிக்கிழமை தவறாமல் சம்பளம் போட்டாக வேண்டும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி.

"அப்ப ஏங்கண்ணா வட்டி கேக்கல?" என்று யூனிட் முதலாளியிடம் கேட்டிருக்கிறாள்.

"கேட்டா அடுத்த ஆர்டர் வேற யூனிட்டுக்குப் போயிரும் கண்ணு."

வாங்குபவரின் பேர வலிமை என்று மார்க்கெட்டிங் வகுப்பில் படித்தது அவளுக்கு அந்த ஒரு வரியில் புரிந்துவிட்டது. 'தியரி எதற்கும் உதவாது, களத்தில்தான் எல்லாம்' என்று சிலர் சொல்வதும் தவறுதான். வகுப்பில் அந்தக் கணக்கைப் போட்டிராவிட்டால் லெட்ஜரில் எந்தத் தேதியைப் பார்ப்பதென்றே அவளுக்குத் தெரிந்திருக்காது.

நூறு பேருக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பி, சதவீதம் போட்டு, கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை ஒன்றையும் சேர்த்து முடிக்கும் ப்ராஜெக்ட்டை நான் இப்போது ஏற்பதில்லை. யூனிட் முதலாளிக்கு அதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, கொண்டுவந்ததை வகுப்புக்குள் திருப்பாமல் விடுவது. வைவா முடிந்ததும் ரிப்போர்ட் அலமாரிக்குப் போய்விடுகிறது. நான் அடுத்த செமஸ்டரின் முதல் இரண்டு வகுப்புகளை இதற்கென்றே ஒதுக்குகிறேன். கம்பெனிப் பெயரை மறைத்து, அந்தத் தேதிகளைப் போர்டில் எழுதி, பழைய கணக்கையே 90 நாளுக்குப் போடச் சொல்வேன். எவ்வளவு பணம் கூடுதலாகத் தேவை, அதற்கு வங்கி வட்டி எவ்வளவு, தைத்த கூலியில் மிச்சம் நிற்குமா என்று வகுப்பே சண்டை போடும்.

கைடு கையெழுத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதால், இன்டர்ன்ஷிப் நடுவில் ஒருநாள் நானும் யூனிட்டுக்குப் போகிறேன், சனிக்கிழமையாகப் பார்த்து.