யாரைத் துரத்துவது, யாரை விடுவது: கல்லூரி பாஸ்கெட்பாலுக்குப் பள்ளிப் பையன்களைப் பிடிக்கும் வழி

ரேங்கிங் தளங்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்த பையன் ஒருவன் உங்கள் மெசேஜுக்குப் பதில் போட்டுவிட்டான் என்பதற்காக அவனைப் பட்டியலின் உச்சியில் வைத்துவிடாதீர்கள். அவன் எல்லோருக்கும்தான் பதில் போடுகிறான். அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பாலில் நடுத்தரக் கல்லூரிகள் ஆள் பிடிப்பதில் கோட்டை விடுவது பெரும்பாலும் திறமையைக் கண்டுபிடிக்கத் தெரியாததால் இல்லை. கிடைக்கவே போகாதவன் பின்னால் ஜூலை முழுக்க அலைந்துவிட்டு, கிடைத்திருக்கக்கூடியவனை அக்டோபரில் தேடிப் போவதால்தான்.

இதில் டியூக், கென்டக்கி மாதிரி பெரிய கல்லூரிகளுக்கு எந்த யோசனையும் இல்லை, அவர்கள் பிரச்சினையே வேறு. கல்லூரி விளையாட்டின் உச்ச மட்டமான முதல் பிரிவில் 350-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. அதில் பெயர் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாத ஒரு கல்லூரியில் நீங்கள் உதவி கோச் என்று வைத்துக்கொண்டு படியுங்கள். வெறும் ரசிகராக இருந்தாலும் சரி, "அந்தப் பையனை ஏன் விட்டார்கள்" என்று உங்கள் கோச்சைத் திட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

முதல் வேலை, இடத்தை எண்ணுவது. 2024-25 வரை ஆண்கள் அணிக்கு 13 ஸ்காலர்ஷிப். 2025-ல், வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அணியில் 15 பேர் என்பது வரம்பு. 15 இடம் இருக்கிறதே என்று 15 ஸ்காலர்ஷிப்பையும் நிரப்ப ஓடாதீர்கள். நிஜமாக ஆட்டத்தில் இறங்கப் போவது எட்டு ஒன்பது பேர். ஒரு தாளில் ஐந்து பொசிஷனையும் எழுதி, ஒவ்வொன்றிலும் இந்த வருடம் யார், அடுத்த வருடம் யார், அதற்கடுத்த வருடம் யார் என்று நிரப்புங்கள். எங்கே காலியோ அதுதான் தேவை. இதில் ஒரு சிக்கல், கல்லூரி மாற விரும்புகிற வீரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு அந்தத் தாளில் இருக்கிற எந்தப் பெயரையும் நம்ப முடியாது. நன்றாக ஆடினவனும் பெரிய இடத்துக்குப் போவான், ஆட வாய்ப்புக் கிடைக்காதவனும் போவான். அதனால் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் "இருப்பான்", "போவான்", "தெரியாது" என்று எழுதுங்கள், உங்கள் ஆசையை எழுதாதீர்கள்.

அடுத்து, அந்தக் காலியிடத்துக்குப் பள்ளிப் பையன்தான் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். 2025-ல் தேசியப் பட்டம் வென்ற ஃப்ளோரிடாவைப் பாருங்கள்: வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்து வந்தவர், வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து, அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லான்டிக்கிலிருந்து. ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் நான்கு பேர் வேறு கல்லூரியில் தொடங்கியவர்கள். அதே தொடரின் கடைசி நான்கு அணிகளில் டியூக்கும் இருந்தது, கூப்பர் ஃப்ளாக், கான் நுப்பெல், கமான் மலுவாச் என்று மூன்று முதலாண்டுப் பையன்களை ஐவரில் வைத்துக்கொண்டு. மூன்று பேரும் அந்த ஒரு வருடத்தோடு தொழில்முறை லீக்கான என்பிஏ-வுக்குப் போய்விட்டார்கள். டியூக்கின் வழி உங்களுக்குக் கிடையாது, ஃப்ளோரிடாவின் வழிக்குப் பணம் வேண்டும். அப்படியென்றால் பள்ளிப் பையனை எதற்காக எடுக்க வேண்டும்? என் கணக்கில் இரண்டே காரணம்: ஒன்று, உடம்பு தேறுவதற்கு இரண்டு வருடம் பிடிக்கிற உயரமான பையன், இன்று யாருக்கும் வேண்டாதவன், இன்னொன்று, உங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன், மூன்றாம் வருடமும் உங்களோடு இருக்கக் காரணம் உள்ளவன். உடனே ஆடுவதற்கு ஒரு ஷூட்டர் வேண்டும் என்றால் போர்ட்டலுக்குப் போங்கள், 22 வயதுக்காரன் எதிரே 18 வயதுப் பையனை நிறுத்தி அவன் தலையில் பாரத்தை ஏற்றாதீர்கள்.

சரி, இப்போது வரிசைப்படுத்துவது. ஒவ்வொரு பையனுக்கும் மூன்று கேள்வி. இரண்டாம் வருடத்தில் நம் ஆட்ட முறையில் இவன் எவ்வளவு உதவுவான்? நம்மிடம் வர எவ்வளவு வாய்ப்பு? வந்தால் எத்தனை வருடம் இருப்பான்? மூன்றையும் கூட்டாதீர்கள், பெருக்குங்கள். ஒருவனுக்குத் திறமையில் பத்துக்குப் பத்து, வர வாய்ப்பு நூற்றில் மூன்று, இருப்பது ஒரு வருடம்: 0.3. இன்னொருவனுக்குத் திறமையில் ஆறு, வாய்ப்பு நூற்றில் நாற்பது, இரண்டு வருடம் இருப்பான்: 4.8. கூட்டினால் முதலாமவன் ஜெயிப்பான், பெருக்கினால் கிட்டக்கூட வரமாட்டான். எண்கள் எல்லாம் உத்தேசம்தான், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இப்படி எழுதினால் தலைமை கோச்சின் ஆசை வெட்டவெளிச்சமாகத் தெரிந்துவிடும், அதற்காகவே எழுதுங்கள்.

இணையத் தளங்களின் ரேங்கிங்கை முழுக்கத் தள்ளிவிடச் சொல்லவில்லை. முதல் 20 பேர் விஷயத்தில் அவை பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கின்றன. ஆனால் அந்த 20 பேர் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. உங்கள் ஆட்கள் இருக்கிற 150-க்குக் கீழே, 180-வது பையனுக்கும் 300-வது பையனுக்கும் உள்ள வித்தியாசம் யார் எந்தப் போட்டியில் கண்ணில் பட்டான் என்பதுதான். அங்கே உங்கள் கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

ஜூலையில் தெற்கு கரோலைனாவின் நார்த் அகஸ்டாவில் பீச் ஜாம் நடக்கும். பள்ளிக்கு வெளியே பையன்கள் ஆடும் நைக்கி கிளப் அணிகளின் பெரிய போட்டி. மைதான ஓரம் முழுக்கக் கல்லூரி சின்னம் போட்ட டி-ஷர்ட்டில் பிரபல கோச்சுகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், தான் வந்திருப்பது பையனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே. அங்கே நீங்கள் பத்தாவது வரிசையில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறீர்கள்? பக்கத்துக் கோர்ட்டுக்குப் போங்கள். ஜா மொரான்ட் கதை தெரிந்திருக்கும். மர்ரே ஸ்டேட் உதவி கோச் ஜேம்ஸ் கேன் 2016 கோடையில் வேறொரு பையனைப் பார்க்கத் தெற்கு கரோலைனாவில் ஒரு முகாமுக்குப் போனார், கொறிக்க ஏதாவது வாங்கலாம் என்று எழுந்தவர் காதில் பின்னாலிருந்த ஜிம்மில் பந்து தட்டும் சத்தம் விழுந்தது. எட்டிப் பார்த்தால் மூன்றுக்கு மூன்று ஆட்டம், அதில் மொரான்ட். 2019-ல் என்பிஏ அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது இரண்டாவதாக எடுக்கப்பட்டவர் அவர்தான். அதிர்ஷ்டம் என்று சொல்லலாம், ஆனால் அன்றே தலைமை கோச்சுக்குச் சொல்லி வேலையைத் தொடங்கியது அதிர்ஷ்டம் இல்லை.

ஆட்டத்தில் எதைப் பார்ப்பது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பையன் எடுத்த புள்ளியை நான் கடைசியில்தான் பார்ப்பேன். கிளப் ஆட்டத்தில் ஆளாளுக்குப் பந்தை எறிவார்கள், 25 புள்ளிக்கு அங்கே பெரிய அர்த்தம் இல்லை. ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். தடுக்க யாரும் இல்லாத அந்த எறிதலில் கை சுத்தமாக இருந்தால், மூன்று புள்ளி எறிதல் இன்று விழாவிட்டாலும் பின்னால் விழ வாய்ப்பு அதிகம். பந்து பறிபோனதும் அடுத்த மூன்று விநாடி என்ன செய்கிறான் என்று பாருங்கள், திரும்பி ஓடுகிறானா, நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கிறானா. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது துண்டைத் தலையில் போட்டுக்கொள்கிறானா, எழுந்து கை தட்டுகிறானா. டேவிட்சன் கல்லூரியின் அப்போதைய கோச் பாப் மெக்கிலாப், பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான ஸ்டெஃப் கரியை லாஸ் வேகாஸில் ஒரு கிளப் ஆட்டத்தில் பார்த்தபோது கரி மிக மோசமாக ஆடினார், பந்தைக் கூட்டத்துக்குள் எறிந்தார், கையில் வந்த பாஸை நழுவவிட்டார். ஆனால் நடுவரையும் குறை சொல்லவில்லை, கூட ஆடுபவனையும் கைகாட்டவில்லை, உட்கார வைத்தபோது பெஞ்சிலிருந்து உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தார். மெக்கிலாப் அதைத்தான் குறித்துக்கொண்டார். அப்பா டெல் கரி ஆடிய வர்ஜீனியா டெக்கோ ஸ்காலர்ஷிப் தரவில்லை, வேண்டுமானால் சொந்தச் செலவில் வந்து சேரலாம் என்ற அளவில் நின்றுவிட்டது. 2008-ல் அந்தச் சின்ன டேவிட்சன் கடைசி எட்டு வரை போய், கான்சஸிடம் இரண்டே புள்ளியில் தோற்றது.

பிறந்த தேதியைக் கேட்டுவிடுங்கள். ஒரு வகுப்பு பின்தங்கிப் படிக்கிற 19 வயதுப் பையன் 16 வயதுப் பையன்களைத் தள்ளிவிட்டுப் பந்தைப் போடுவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. உயரத்திலும் இதே எச்சரிக்கை, எதிர்த் திசையில். பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான ஆன்டனி டேவிஸ் பள்ளியில் சேரும்போது ஒரு சாதாரண கார்டு (பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்துகிறவர்), படித்துக்கொண்டிருந்தபோதே ஏழெட்டு அங்குலம் வளர்ந்தார். கார்டு காலத்துக் கைப்பழக்கம் அப்படியே இருந்தது, 2012-ல் கென்டக்கிக்குப் பட்டம். பெற்றோர் உயரம், அண்ணன் எப்போது வளர்ந்தான், கால் செருப்பு அளவு என்ன, இதையெல்லாம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

வர வாய்ப்பு எவ்வளவு என்பதைக் கணிப்பதுதான் இதில் கடினம். வரன் பார்ப்பது மாதிரிதான் இது, பையனுக்குப் பிடித்திருக்கிறதா என்பதைவிட வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது என்று தெரிய வேண்டும். சில வீட்டில் அம்மா, சில வீட்டில் மாமா, சில இடத்தில் கிளப் கோச், இப்போது ஏஜென்ட் வேறு. பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15-லிருந்து நீங்களே நேரடியாகப் பேசலாம். அந்த முதல் சில வாரங்களில் அவன் பக்கத்திலிருந்து ஒரு போனாவது வந்ததா என்று பாருங்கள். நீங்கள் மட்டுமே அழைத்துக்கொண்டிருந்தால் அவனுடைய எண்ணிக்கையில் நீங்கள் எட்டாவது. கல்லூரியைப் பார்க்க வரச் சொல்லித் தேதி கேட்டால், தேதி சொல்கிறவன் வேறு, "பார்க்கலாம் கோச்" என்கிறவன் வேறு. "பார்க்கலாம்" என்று இரண்டு தடவை சொன்னால் ஒரு படி கீழே இறக்கிவிடுங்கள்.

பணத்தையும் முதலிலேயே பேசிவிடுங்கள். 2021 ஜூலை 1 முதல் தங்கள் பெயர், படத்தை விளம்பரத்துக்குக் கொடுத்து வீரர்கள் சம்பாதிக்கலாம், 2025 ஜூலை 1 முதல் கல்லூரியே நேரடியாகத் தரலாம். முதல் வருட உச்சவரம்பு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர், ஆனால் அது எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, அமெரிக்கக் கால்பந்து அணி வைத்திருக்கும் பெரிய கல்லூரிகளில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். உங்கள் கல்லூரி அந்த வரம்புக்குப் பக்கத்திலேயே போகப் போவதில்லை. உங்களால் முடிந்த தொகையைச் சொல்லுங்கள், அதைக் கேட்டு அவன் போனால் போகட்டும். ஐந்து மாதம் பழகிவிட்டு நவம்பரில் தெரிந்துகொள்வதைவிட ஜூலையில் தெரிவது நல்லது.

மதிப்பெண் பட்டியலையும் அப்போதே வாங்குங்கள். முதல் பிரிவில் ஆட 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும், அவற்றில் சராசரி நான்குக்கு 2.3. அந்த 16-ல் பத்து, பள்ளியின் கடைசி வருடம் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். பையன் அருமையானவனாக இருப்பான், கணக்குப் பாடத்தில் ஒன்று விடுபட்டிருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பட்டியலை மூன்று அடுக்காகப் பிரியுங்கள். மேலே ஒரு பொசிஷனுக்கு இரண்டு பேர், அதற்கு மேல் வேண்டாம். இவர்களுக்குத் தலைமை கோச்சே பேச வேண்டும், பள்ளி ஆட்டத்துக்கும் அவரே போக வேண்டும். நடு அடுக்கில் நான்கைந்து பேர், வாரம் ஒரு தடவை ஒரு உதவி கோச் பேசுவார். கீழே மற்றவர்கள், கண்ணில் மட்டும் வைத்திருங்கள். எல்லோருக்கும் ஸ்காலர்ஷிப் ஆஃபர் கொடுத்துவிட்டுப் பிறகு யோசிக்கிற பழக்கம் நிறையக் கல்லூரிகளில் இருக்கிறது, எனக்கு அது பிடிக்காது. கிளப் கோச்சுகள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்கள், உங்கள் ஆஃபருக்கு மதிப்பில்லை என்று ஒரே கோடையில் தெரிந்துவிடும். நடு அடுக்குப் பையன் "நான் எத்தனாவது ஆள்" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், "உனக்கு முன்னால் ஒருவன் இருக்கிறான், செப்டம்பர் கடைசிக்குள் தெரிந்துவிடும்" என்று. பாதிப் பேர் காத்திருப்பார்கள்.

வாய்வார்த்தைச் சம்மதம் யாரையும் கட்டுப்படுத்தாது. பையனைக் கல்லூரியோடு கட்டிப்போட்ட பழைய தேசியச் சம்மதக் கடிதமும் 2024-ல் போய்விட்டது, இப்போது நவம்பரில் கையெழுத்தாகும் நிதி உதவி ஒப்பந்தம்தான் கணக்கு. அதுவரை இரண்டாமவனோடு பேச்சை நிறுத்தாதீர்கள்.

நேரம் இருந்தால் ஒரு ஏரியாவைச் சொந்தமாக்கிக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவின் செயின்ட் மேரிஸ் கல்லூரி ஆஸ்திரேலியாவை அப்படிப் பிடித்தது, பின்னாளில் என்பிஏ ஆடிய பேட்டி மில்ஸ், டெல்லவடோவா எல்லாம் அந்த வழியில் வந்தவர்கள்தான். முதல் பையனை நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டாவது பையனுக்கு நீங்கள் பேசவே வேண்டாம், முதலாமவன் பேசுவான். அது ஆஸ்திரேலியாவாக இருக்க வேண்டும் என்றில்லை, உங்கள் கல்லூரியிலிருந்து நான்கு மணி நேரக் கார் தூரத்துக்குள் இருக்கிற எட்டுப் பள்ளிகள் போதும்.

கடைசியாக, வேறு இடத்தில் சேர்ந்துவிட்ட பையன்கள். அன்று இரவே வாழ்த்துச் சொல்லி ஒரு மெசேஜ் அனுப்புங்கள், அவன் அம்மாவுக்கும் ஒன்று, அதில் கோபம் துளியும் தெரியக்கூடாது. கல்லூரியில் சேர்ந்த பிறகு அவனோடு பேசுவது விதிமீறல், பேசாதீர்கள், ஆள் வைத்தும் பேசாதீர்கள். ஆனால் அவன் ஃபைலை அழிக்காமல் வைத்திருந்து, எத்தனை நிமிடம் ஆடுகிறான் என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். இரண்டு வருடம் கழித்து அவன் பெயர் போர்ட்டலில் வருகிற அன்று காலையில் முதல் போன் உங்களுடையதாக இருக்கட்டும்.