மேலே தண்ணீர், கீழே பெயின்ட்: அடுத்தவர் வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பி, தான் பார்த்துக்கொள்ளும் வீட்டில் ஒரு சிக்கல் என்று கூப்பிட்டிருந்தார். பாத்ரூம் சீலிங்கில் ஓதம், ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. "பெயின்டரை வரச்சொல்லிட்டேன்ணா, பட்டி பாத்து ரெண்டு கோட் அடிச்சா சரியாயிடும்" என்றார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் ஒரு உரிமையாளரிடம் போனில் சொன்னேன். அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்று அந்தத் தம்பிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் பக்கம் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களின் வீடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். வாடகைக்கு ஆள் வைப்பது, பழுது பார்ப்பது, வரி கட்டுவது எல்லாம் சேர்த்து. அக்ரிமென்ட் போடு, ஆதார் நகல் வாங்கு, ஈபி மீட்டரைப் போட்டோ எடு என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை, அதை யாரிடம் கேட்டாலும் சொல்லித்தருவார்கள்.

ஓதத்துக்குக் கீழேயிருந்து மருந்து போடுவது

எங்கள் பக்கத்துக் கட்டடங்கள் பெரும்பாலும் இருபது முப்பது வருடம் ஆனவை. தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும், ஆறு அல்லது எட்டு வீடு, லிஃப்ட் கிடையாது. ஒரு வீட்டுப் பாத்ரூமுக்கு நேர் மேலே இன்னொரு வீட்டுப் பாத்ரூம். அந்த இடத்தில் மட்டும் கான்கிரீட்டை ஒரு அடி பள்ளமாகப் போட்டு, குழாய்களை அதற்குள் ஓட்டி, செங்கல் ஜல்லியும் கலவையும் போட்டு நிரப்பி மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். கொத்தனார்கள் இதைச் சங்கன் என்பார்கள். டைல்ஸ் இடுக்கில் வைத்த வெள்ளை சிமென்ட் சில வருடத்தில் கரைந்து போய்விடும். தரைத் தண்ணீர் வெளியேறும் ஓட்டையில் வைக்கும் கிண்ணம் போன்ற நஹானி டிராப்பின் கழுத்தைச் சுற்றிப் பூசியதும் விட்டுவிடும். பிறகு குளிக்கிற தண்ணீரில் கொஞ்சம் தினமும் அந்தப் பள்ளத்தில் இறங்கி, கிண்ணத்தில் தேங்குவது போலத் தேங்கி நிற்கும். கீழ்வீட்டு சீலிங்கில் நாம் பார்க்கும் மஞ்சள் கறை, அந்தப் பள்ளம் நிறைந்து பல மாதம் ஆனபிறகுதான் வெளியே தெரிகிறது.

இப்போது கீழேயிருந்து பட்டி பார்த்து, தண்ணீர் புகாத பெயின்ட் என்று ஒன்றை அடித்தால் என்ன ஆகும்? மேலேயிருந்து வருவது நிற்காது. கீழே வெளியேறிக் காய்ந்துகொண்டிருந்த ஈரம் கான்கிரீட்டுக்குள்ளேயே நின்றுவிடும். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும், துரு ஏறிய கம்பி பருத்துக்கொண்டே போய்த் தன்னைச் சுற்றியிருக்கும் கான்கிரீட்டை வெடிக்கவைக்கும். வெளியே பார்த்தால் சீலிங் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். அதுதான் பயம்.

எனக்கு நடந்தது நங்கநல்லூரில் ஒரு முதல் மாடி வீடு. உரிமையாளர் அமெரிக்காவில். மேலே ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, சொந்த வீடு. ஓதம் தெரிந்ததும் நான் நேராக மேலே ஏறிப்போய், வாசலில் நின்றபடியே "உங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்ல இறங்குது சார்" என்றேன். அவர் "எங்க வீட்ல ஒரு சொட்டு கூட ஒழுகல" என்று கதவைச் சாத்திவிட்டார். அவர் சொன்னதும் உண்மைதான், அவர் வீட்டில் எங்கே ஒழுகும்? நான் அதோடு மேலே போவதை விட்டுவிட்டேன். மூன்று வருடத்தில் மூன்று தடவை பெயின்ட். முதல் தடவை 6,000, அடுத்தது 9,000, மூன்றாவது ஏதோ கெமிக்கல் அடிப்பதாகச் சொல்லி பத்து வருட உத்தரவாதம் என்று பேப்பரில் எழுதிக்கொடுத்தவரிடம் 22,000. நான்காம் வருடம் ஒரு காலையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு சீலிங் பெயர்ந்து விழுந்தது. குடியிருந்தவரின் அம்மா குளித்துவிட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. அந்தம்மா கைநடுங்க உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த மாதமே அவர்கள் காலி செய்தார்கள். நான்கு மாதம் வீடு பூட்டிக்கிடந்தது, வாடகை 14,000. கம்பியைத் துரு நீக்கிச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, மறுபடி கலவை ஏற்றி, மேல்வீட்டுப் பாத்ரூமையும் உடைத்துப் போட்டு எல்லாம் சேர்த்து 1,35,000 ரூபாய். முதல் வருடமே மேலே மட்டும் உடைத்துச் சரிசெய்திருந்தால் முப்பதாயிரத்துக்குள் முடிந்திருக்கும் என்று அதே மேஸ்திரி சொன்னார்.

ஆனால் எனக்கு இன்றும் ஆறாதது பணம் இல்லை. விழுந்த அன்று மேல்வீட்டம்மா கீழே வந்து பார்த்துவிட்டு, "முதல் நாளே எங்களக் கூட்டிட்டு வந்து இதைக் காட்டியிருந்தா செஞ்சிருப்போமே தம்பி" என்றார். மூன்று வருடமும் அவர்கள் அந்த சீலிங்கைப் பார்த்ததே இல்லை. நான் காட்டவே இல்லை. புகார் சொன்னேன், அவ்வளவுதான்.

அதனால் இப்போது நான் செய்வது இது. முதலில் ஒரு கட்டையால் சீலிங்கை மெல்லத் தட்டிப் பார்ப்பேன். திடமான சத்தம் வந்தால் நேரம் இருக்கிறது. உள்ளே கூடாக இருப்பது போல் சத்தம் வந்தால் அந்த பாத்ரூமை அன்றே பூட்டிவிட்டு வேறு ஏற்பாடு செய்ய வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. அப்புறம் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மழை பெய்தால் மட்டும் ஓதம் என்றால் வெளிச்சுவரும் மொட்டைமாடியும். மேல்வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கும்போது காய்ந்தால் தரையும் கழிவுக்குழாயும். யாரும் புழங்காதபோதும் ஒரே அளவில் சொட்டினால் தண்ணீர் வரும் குழாய், அந்த வால்வை மூடிப் பார்த்தாலே தெரிந்துவிடும். தரை என்று சந்தேகம் வந்தால் நஹானி டிராப்பை அடைத்து ஒரு அங்குலத் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் தேக்கிவைத்து, கீழே வந்து பார்க்க வேண்டும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. மேல்வீட்டுக்காரர் சம்மதம் மட்டும் வேண்டும்.

அந்தச் சம்மதத்தில்தான் நம் வேலையே இருக்கிறது. வாசலில் நின்று குற்றம் சொல்லாதீர்கள், வக்கீல் நோட்டீஸ் பேச்சை எடுக்காதீர்கள், வாட்ஸாப் குரூப்பில் எட்டு வீடும் பார்க்கப் படத்தைப் போடவே போடாதீர்கள். "ஒரு நிமிஷம் கீழ வந்து பாருங்க சார், என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று கூப்பிடுங்கள். பார்த்தபிறகு முரண்டு பிடித்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் தயங்குவது பணத்துக்காக மட்டும் இல்லை. ஒரே பாத்ரூம் இருக்கும் வீட்டில் ஒரு வாரம் அதை உடைத்துப் போட்டால் வயதானவர்கள் எங்கே போவார்கள்? நான் இப்போது கீழ்வீட்டில் குடியிருப்பவரிடம் பேசி, அவர்கள் பாத்ரூமை அந்த ஒரு வாரம் மேல்வீட்டுக்காரரும் புழங்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். மேல்தரைச் செலவு அவர்களுடையது, கீழ் சீலிங் செலவு நம்முடையது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

உரிமையாளர் "அதெல்லாம் குடியிருக்கிறவர் பாத்துக்கட்டும்" என்றால், கட்டுமானப் பழுது உரிமையாளர் பொறுப்பு என்று தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது என்று சொல்லுங்கள். 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம்.

அட்வான்ஸை முழுக்க அனுப்பிவிடுவது

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் பழக்கம் இன்னும் போகவில்லை. அதே வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது, அந்த "ஒப்பந்தம் இருந்தால்" என்ற வாசலைப் பிடித்துக்கொண்டு பலர் பழைய கணக்கையே எழுதுகிறார்கள். எவ்வளவு வாங்கினாலும் அது திருப்பித் தரவேண்டிய பணம். உரிமையாளர் அதை வாங்கிச் செலவழித்துவிடுவார், காலி செய்யும் நாளில் லாரியில் சாமானை ஏற்றிவிட்டு ஒரு குடும்பம் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும், புது வீட்டுக்காரருக்கு அன்று பணம் கட்டியாக வேண்டும், உரிமையாளர் ஊரில் அப்போது நள்ளிரவு, போன் எடுக்க மாட்டார். நான் இப்போது மூன்று மாதம்தான் வாங்கச் சொல்கிறேன், அதையும் உரிமையாளர் பெயரில் தனியாக வைப்பு போடச் சொல்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர் வீட்டை எடுப்பதில்லை.

வெளிநாட்டு உரிமையாளரின் வரிப் பிடித்தம்

வாடகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் குடியிருப்பவர்தான் அதிலிருந்து வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும், 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே இதை இருவரிடமும் சொல்லி ஒரு ஆடிட்டரிடம் கூட்டிப்போங்கள்.

பூட்டிய வீட்டை மறந்துவிடுவது

ஆள் இல்லாத வீட்டில் நஹானி டிராப்பில் நிற்கும் தண்ணீர் சில வாரத்தில் வற்றிவிடும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் உள்ளே வராமல் தடுத்துக்கொண்டிருந்தது. வற்றியதும், குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட் வழியாக எதிர்வீட்டுச் சமையலறை வரைக்கும் நாறும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போய் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். போகும்போதே எதிர்வீட்டில் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

மெயின்டனன்ஸ் பாக்கி

ஒரு மாதம்கூட வைக்காதீர்கள். பாக்கி வைத்தவர் மேல்வீட்டுக் கதவைத் தட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள்.

பொது விளக்குக்குக் கூடுதல் கட்டணம் கட்டிக்கொண்டே இருப்பது

2023 அக்டோபரில், பத்து வீட்டுக்கு மேல் போகாத, மூன்று மாடிக்கு மேல் போகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்குப் பொது மின்சாரக் கட்டணத்தை யூனிட் 8 ரூபாயிலிருந்து 5.50 ஆகக் குறைப்பதாக அறிவித்தார்கள். எங்கள் பக்கத்தில் பாதிக் கட்டடங்கள் இந்தக் கணக்கில் வரும். உங்கள் கட்டடத்தின் பொது மீட்டர் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பில்லை எடுத்துப் பாருங்கள்.

செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவது

இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம், ஜெயில் தண்டனை உண்டு, அதற்கெல்லாம் முன்னால் அது ஒரு உயிர். "அஞ்சு நிமிஷ வேலைதான் சார், நானே இறங்கிடறேன்" என்று அவரே சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லி 14420-க்குக் கூப்பிட்டு லாரி வரவழையுங்கள்.

ஆதம்பாக்கம் வீடு

அந்தத் தம்பி அன்றே பெயின்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு பேரும் மேலே போனோம். அங்கே வாடகைக்கு இருப்பவர் ஒரு நர்ஸ், நைட் டியூட்டி முடித்துத் தூங்கப் போகிற நேரம். "நாலு மணிக்கு மேல வாங்க" என்றார், சரி என்று வந்துவிட்டோம். நாலரைக்கு அவரே இறங்கி வந்து சீலிங்கைப் பார்த்தார். தம்பி கட்டையால் தட்டிக் காட்டினார், சத்தம் திடமாகத்தான் இருந்தது. அந்த அக்கா அங்கேயே நின்று தன் வீட்டு உரிமையாளருக்குப் போன் போட்டு, வீடியோவில் கறையைக் காட்டி, "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு, அன்னைக்கு டெஸ்ட் பண்ணட்டும் சார்" என்று அவரே பேசி முடித்தார். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் தேக்கினோம். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் கீழே டிராப்பைச் சுற்றி வட்டமாக ஈரம் தெரிந்துவிட்டது.