பிரித்தானியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை: அரசியல் பேச்சு வேறு, சட்டம் வேறு

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வழங்கும் பணத்தைப் பற்றி இந்நாட்டுத் தொலைக்காட்சியில் அடிக்கடி கடுமையான விவாதங்கள் நடக்கும். அவற்றைக் கேட்டு அஞ்சி, தமக்குச் சட்டப்படி உரியதைக்கூடக் கேட்காதிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அது வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உழைக்க இயன்றவர் உழைக்க வேண்டும், முதற்பொறுப்பு குடும்பத்துக்கே உரியது, வரிப்பணம் உண்மையான தேவையுள்ளவருக்கே சேர வேண்டும் என்பது கன்சர்வேட்டிவ் கட்சியின் நெடுங்காலச் சிந்தனை. நம் வீடுகளில் கேட்டு வளர்ந்த பேச்சிலிருந்து இது அதிகம் விலகியதன்று. ஆனால், முதியோருக்கு இன்றும் கிடைக்கும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் 1971இல் அக்கட்சிப் பிரதமர் எட்வர்ட் ஹீத் ஆட்சியில் தொடங்கியது என்பதையும், மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்துவதைத் தடுக்கும் 1995ஆம் ஆண்டுச் சட்டம் அக்கட்சியின் இன்னொரு பிரதமர் ஜான் மேஜர் ஆட்சியில் வந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதே கட்சி தலைமையேற்ற கூட்டணி அரசுதான் 2013இல் பழைய உதவித்தொகைக்குப் பதிலாக, கடுமையான மதிப்பீட்டுடன் கூடிய 'பிப்' (PIP, Personal Independence Payment) என்னும் உதவித்தொகை முறையைக் கொண்டுவந்தது. 2016இல் அதையும் குறைக்க முனைந்தபோது, பொறுப்பமைச்சர் இயன் டங்கன் ஸ்மித்தே பதவி விலகினார். ஆக, இந்த விவாதம் அக்கட்சிக்கு உள்ளேயே தீராதது. 2025இல் லேபர் அரசும் விதிகளை இறுக்க முயன்று, சொந்த உறுப்பினர்களின் எதிர்ப்பால் பின்வாங்கியது.

விண்ணப்பிக்கும் முன் உங்கள் விசாவைப் பாருங்கள். பொது நிதியைப் பெற முடியாது என்ற நிபந்தனை அதில் இருந்தால் பிப் கேட்கக் கூடாது. கேட்டால் விசாவுக்கே ஆபத்து. மருத்துவமும் பிள்ளைகளின் பள்ளிக் கல்வியும் அந்த நிபந்தனைக்குள் வருவதில்லை. நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள் பொதுவாகக் கடந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகள் இங்கு இருந்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு இவ்விதி இல்லை. ஸ்காட்லாந்தில் பிப்புக்குப் பதிலாகத் தனி உதவித்தொகை உள்ளது.

பிப் வருமானத்தையோ சேமிப்பையோ பார்ப்பதில்லை. வேலைக்குச் செல்பவரும் பெறலாம். நோயின் பெயரைவிட, சமைத்தல், குளித்தல், உடுத்தல், நடத்தல் ஆகியவற்றை உங்களால் எப்படிச் செய்ய முடிகிறது என்பதற்கே புள்ளிகள் தரப்படுகின்றன. அன்றாட வாழ்வு, நடமாட்டம் என்ற இரு பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் 8 புள்ளிக்குச் சாதாரணத் தொகையும் 12 புள்ளிக்குக் கூடுதல் தொகையும் கிடைக்கும். நம்மவர்கள் தவறுவது இங்கேதான். மதிப்பீட்டாளர் கேட்கும்போது, பிறர் முன் குறையைச் சொல்லக் கூசி, "எப்படியோ சமாளிக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது அப்படியே பதிவாகிவிடுகிறது. சட்டையின் பொத்தானை மனைவி போட்டுவிடுகிறார் என்றால் அதைச் சொல்லுங்கள். பத்து படி ஏறியபின் அரை மணி நேரம் படுக்க வேண்டியிருந்தால் அதையும் எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்கத் தயங்க வேண்டாம். மறுக்கப்பட்டால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதிலும் மறுத்தால், பிப் வழங்கும் அரசுத் துறையைச் சாராத தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம். அதற்காக, அனுப்பும் ஒவ்வொரு படிவத்தின் நகலையும் வீட்டில் வைத்திருங்கள்.