கப், ஆழாக்கு, படி: கிராமுக்கு மாற்றும் முறை

ஒரு கப் சர்க்கரை 200 கிராம். அதே கப்பில் மைதா 125 கிராம்தான் பிடிக்கும். அதனால் கப்புக்கு இத்தனை கிராம் என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கணக்குச் சொல்ல முடியாது. பொருளுக்குப் பொருள் எடை மாறும்.

முதலில் உங்கள் பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்று பாருங்கள். பழைய கணக்கில் ஆழாக்கு 168 மில்லி, 8 ஆழாக்கு ஒரு படி. ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மில்லி, கேக் செய்யும் கப் 240 அல்லது 250. கடையில் வாங்கிய ஆழாக்கு கூடக் குறைய இருக்கும், நம்பிவிட வேண்டாம். காலி பாத்திரத்தைத் தராசில் வைத்து, பூஜ்யம் ஆக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லி.

240 மில்லி கப்புக்கு, தலைதட்டி அளந்தால், ஏறக்குறைய: பச்சரிசி 190 கிராம், ரவை 170, வெண்ணெய் 225, எண்ணெய் 220, பால் 245, தேன் 340.

தப்பு அதிகம் நடப்பது மாவில்தான். டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளினால் மாவு அமுங்கி, மைதா 145 கிராம்கூட ஏறிவிடும். இரண்டு கப்புக்கு 40 கிராம் கூடினால் கேக் வறண்டு வெடிக்கும். மாவைக் கிளறிவிட்டு, கரண்டியால் கப்பில் போட்டு, கத்தியின் முதுகால் வழியுங்கள். கப்பைத் தட்டக் கூடாது. மூன்று முறை அளந்து சராசரியை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள். எந்த அட்டவணையையும்விட உங்கள் கைக்கு அதுதான் சரியாக வரும்.

அதிரசத்துக்கு ஈர மாவை எடைபோடாதீர்கள். ஊறிய அரிசியில் தண்ணீரின் எடையும் சேர்ந்திருக்கும், அது வடிகட்டும் நேரத்தைப் பொறுத்து மாறும். ஊறப்போடுவதற்கு முன்பே அரிசியை நிறுத்துக்கொள்ளுங்கள்: 1 கிலோ பச்சரிசிக்கு 750 கிராம் வெல்லம். வெல்லத்தைக் கப்பில் அளப்பதும் வீண், கட்டியும் தூளும் ஒரே அளவாக நிற்காது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குறிப்பைப் பார்த்துச் செய்பவர்களுக்கு மாவு, வெண்ணெய் எல்லாம் கிராமிலேயே கிடைத்துவிடும். திரவம் மட்டும் சென்டிலிட்டரில் இருக்கும்: 25 சென்டிலிட்டர் என்றால் 250 மில்லி. அமெரிக்கக் குறிப்பில் அவுன்ஸ் வந்தால் கவனம். எடை அவுன்ஸ் 28 கிராம், திரவ அவுன்ஸ் 30 மில்லி. 8 திரவ அவுன்ஸ் தேனை 227 கிராம் என்று போட்டால் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும்.

ஈஸ்ட், சோடா உப்பு போன்றவற்றை 1 கிராம் துல்லியமுள்ள தராசில் போடாதீர்கள், முள் அசையும்முன் பாதி விழுந்துவிடும். 5 மில்லி ஸ்பூனே நல்லது: உலர் ஈஸ்ட் 3 கிராம், பேக்கிங் பவுடர் 4, தூள் உப்பு 6. கல் உப்பில் இடைவெளி இருப்பதால் அதே ஸ்பூனில் எடை குறையும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோரக் காற்றின் ஈரத்தை மாவு உறிஞ்சும். நிறுத்துப் போட்டாலும் மாவு இளகும், அதனால் பிசையும்போது இரண்டு ஸ்பூன் தண்ணீரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.