கருத்தடை ஆபரேஷன் முடிந்த நாய்க்கு வலியா, எப்படித் தெரியும்?

நாய் பெரும்பாலும் வலியை வெளிப்படையாகக் காட்டாது. முனகினால்தான் வலி என்று நினைக்காதீர்கள். முதல் நாள் ராத்திரி முனகுவதும் தள்ளாடுவதும் பெரும்பாலும் மயக்க மருந்தின் மிச்சம்தான். அடுத்த நாள் முதுகைக் கூனிக்கொண்டு நிற்கிறதா, படுக்கப் போய்ப் படுக்காமல் எழுந்துவிடுகிறதா, ஓடாமலே மூச்சு வாங்குகிறதா, பாருங்கள். அதுதான் வலி.

நம் வீட்டு மாத்திரை டப்பாவைத் தயவுசெய்து திறக்காதீர்கள். பாராசிட்டமாலும் இப்யூபுரூஃபனும் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும். டாக்டர் பெரும்பாலும் மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைத் தருவார். எடைக்கேற்ற அளவு, கொஞ்சம் தயிர்சாதம் சாப்பிட்ட பிறகுதான். வாந்தியோ கறுப்பு மலமோ வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே அவரைக் கூப்பிடுங்கள். நன்றாக இருக்கிறதே என்று நாமாக நிறுத்தவும் கூடாது.

அப்புறம், கழுத்தில் மாட்டும் கூம்பு. பாவமாகத்தான் இருக்கும், கழற்றாதீர்கள். நக்கி நக்கித் தையல் பிரிந்தால் வலி இரட்டிப்பாகும். 10 முதல் 14 நாள் குளியல் வேண்டாம், மாடிப்படி வேண்டாம், சோபாவில் தாவலும் வேண்டாம். தையலைத் தினம் இரண்டு வேளை பாருங்கள். வீக்கம், சீழ், ரத்தக்கசிவு இருந்தால் காத்திருக்காதீர்கள்.